பிளாடர் அண்ணன் பார்க்காத கப்

ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ஒரு சீசன் முழுவதையும் ஜெயித்துக் கொடுத்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பெயர் பிளாடர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அவரோடு அத்தனை வருஷம் பழகிய நாங்கள் யாருமே அதைக் கேட்டதில்லை என்பதிலிருந்தே எங்கள் கிளப்பின் லட்சணத்தை நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

அறுபதுகளின் கடைசியில் ஃபுட்பால் என்பது கடையில் வாங்கியதும் உதைக்கிற சாமான் இல்லை. வெளியே தோல், உள்ளே பிளாடர் என்கிற ரப்பர் பை. பையைத் தோலுக்குள் திணித்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, அதன் வாயைக் கட்டி உள்ளே தள்ளி, மேலே தோல் கயிற்றால் இறுக்கித் தைக்க வேண்டும். அதைச் செய்ய எங்கள் கிளப்பில் உரிமை பெற்ற ஒரே ஆள் அவர். முடித்ததும் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி பந்தைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி பிரித்துவிடுவார். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி கால் மணி நேரம் நின்றதுண்டு.

"நேரமாச்சுய்யா!" என்று ஒருவர் கத்தியதற்கு, "நேரம் அதுபாட்டுக்கு ஆகும். பந்துல்ல இன்னும் ஆகலை?" என்றார்.

இத்தனை செய்தவர் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். ஒருமுறை ஆசையாகப் பார்த்தாராம். அந்த நொடியில் எங்கள் கோல்கீப்பரின் இரண்டு காலுக்கும் நடுவே பந்து புகுந்து போய்விட்டது. அன்றிலிருந்து, தனக்கு வேண்டிய காரியம் எதுவானாலும் அது நடக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தன் கண் பட்டால் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். பால் பொங்கி அடுப்பை அணைக்கும். பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நிற்பார். பஸ்ஸும் அவரைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். சிங்கம்புணரிக்கு என்று கிளம்பியவர் மூன்றாம் நாளும் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றதாகச் சொல்வார்கள்.

மேட்ச் நடக்கும்போது கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் இடதுபக்கத் தடுப்பாளன். எங்களில் பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது.

"டேய் தம்பி! அது பெருவிரல் சத்தம்டா! புறங்காலால உதை!" என்று முதுகிலிருந்து குரல் வரும்.

"நீங்கதான் பாக்கவே இல்லையேண்ணே?"

"கேட்டேன்ல?"

அந்த வருஷம் லீக்கில் நாங்கள் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. செம்மண் பொட்டலில் வெயில் ஏற ஏறப் பந்து உப்பும் என்று முதல் பாதிக்கு ஒரு காற்று, இரண்டாம் பாதிக்கு ஒரு காற்று என்று அவர் கணக்கு வைத்திருந்தார். அது எங்கள் கால்களுக்குப் பழகிவிட்டது. எதிரிகளுக்குப் பழகவில்லை. தோற்ற சிங்கம்புணரிக்காரர்கள் பந்தை அறுத்துப் பார்த்தே தீரவேண்டும் என்று தகராறு செய்தார்கள். "அறுத்துப் பாருங்கய்யா. உள்ள எங்க ஊருக் காத்துதான் இருக்கு" என்று கத்தியையும் அவரே எடுத்து நீட்டினார்.

கப் ஃபைனல் அமராவதிபுதூரோடு. ஆளுக்கு ஒரு கோல் அடித்திருந்த நிலையில், கடைசி நிமிஷத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பிளாடர் அண்ணன் ரோட்டில் போன மாட்டுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கேப்டன் உதைத்தார். "நல்ல சத்தம்" என்றார் அண்ணன். அதற்கப்புறம்தான் கூட்டம் கத்தியது.

விசில் ஊதியும் அவர் திரும்பவில்லை. "கப்பு கைக்கு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்தது, வந்த வேகத்தில் கிளப் தலைவரின் காரில் ஏறிவிட்டது. தலைவருக்குக் கானாடுகாத்தானில் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக ஒரு வீடு. அங்கே சாமி அறையில் கப்பை வைத்து, அடுத்த வாரம் விருந்தும் குரூப் போட்டோவும் என்று ஏற்பாடு. அண்ணன் திரும்பியபோது கார் கிளப்பிய புழுதிதான் மிச்சம்.

"சரி, விருந்தன்னைக்குக் கண் குளிரப் பாத்துக்கிறேன். போட்டோவுல நான் எங்குட்டுடா நிக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அதற்காக ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். இந்தக் கதையில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் நேரில் போய் அழைக்க வேண்டும். வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்து, "அவசியம் வந்துரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவனும் படியேற மாட்டான். வெளியாட்களை அழைக்கும் பொறுப்பு என்னுடையது. பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நம்ம ஆளுக்கு என்னய்யா அழைப்பு?" என்று கேப்டன் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பாதி வீடு முடித்ததும் என் சைக்கிள் பஞ்சரானது. எங்கே போவேன்? அவர் கடைக்கே தள்ளிக்கொண்டு போனேன். கடை ஆணியில் புதுச் சட்டை தொங்கியது. ஹேண்டில்பாரில் தொங்கிய வெற்றிலைப் பையை அவர் பார்த்தார்.

"விருந்து அழைப்பாடா? யார் யாருக்குச் சொல்லியாச்சு?"

தோற்ற டீம், ரெஃப்ரி, டாக்டர், போஸ்ட் மாஸ்டர் என்று நான் பெருமையாக ஒப்பித்தேன். அவர் ட்யூபை ஒட்டி முடித்தார். வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

"இன்னும் யாரும் பாக்கி இருக்காகளா?" என்று சுவரிடம் கேட்டார்.

"ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர்தாண்ணே. வரட்டுமா?" என்று சைக்கிளில் ஏறிவிட்டேன்.

விருந்தில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் மலையாகக் குவிந்திருந்தன. போட்டோக்காரர் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். நடுவில் தலைவர், மடியில் கப், காலடியில் பந்து. பந்துக்கு அன்று காற்றடித்தது நான். அது ஒருபக்கம் வீங்கி, அம்மைக்கட்டு கண்டவன் கன்னம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் கேப்டனுக்கு ஞாபகம் வந்தது.

"பிளாடரை எங்கய்யா? நீ சொல்லலையா?"

"நம்ம ஆளுன்னு நீங்கதானே சொன்னீக?"

"யாருப்பா அது பிளாடர்?" என்று தலைவர் கேட்டார். ஐந்து வருஷமாக அவர்தான் எங்கள் தலைவர்.

"யாரும் அசையாதீக!" என்றார் போட்டோக்காரர். அப்போதுதான் எனக்கு அந்தச் சோப்பும் சுவரும் உறைத்தன. அந்தப் போட்டோவில் பேயறைந்தவன் மாதிரி நிற்பது நான்தான்.

மறுநாள் காலையில் கடைக்கு ஓடினேன்.

"வாங்க தம்பி" என்றார். அதுவரை அவர் என்னை "வாடா" என்றுதான் கூப்பிட்டிருந்தார். "போட்டோ நல்லா விழுந்துச்சுங்களா?"

"தப்புப் பண்ணிட்டேண்ணே. இப்பவே கிளம்புங்க. கானாடுகாத்தானுக்குப் போயி கப்பைப் பாத்துட்டு வந்துருவோம்."

"நான் காத்தடிக்கிற ஆளு. எனக்கென்னங்க அங்க சோலி?"

பந்து தைக்கிற ஊசியையும் மிச்சமிருந்த பிளாடர்களையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். திட்டியிருக்கலாம். பம்ப்பால் நாலு போட்டிருக்கலாம். மரியாதை கொடுத்துக் கொன்றுவிட்டார்.

அடுத்த வருஷம் முதல் சுற்றிலேயே நாலு கோல் வாங்கினோம். பந்து அதன் இஷ்டத்துக்குப் போனது. கிரகம் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். கிரகம் என்ன செய்யும்? பிறகு தலைவர் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. வீடு பூட்டிக்கிடக்கிறது, கப் உள்ளே கறுத்துக்கொண்டிருக்கும். பூட்டிக்கிடந்த எங்கள் எல்லோர் புத்தியையும் போல அதுவும் பூட்டிக்கிடக்கட்டும். அண்ணன் கடைசிவரை அதைப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் அழைப்புக்கு அவர் கடைக்குத்தான் போனேன்.

"உறையில எழுதணும்ணே. உங்க பேரு என்ன?"

கையிலிருந்த பம்ப்பைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். எழுதினேன்.

"இருங்க, கையைக் கழுவிட்டு வாரேன்" என்றார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு அந்த வெள்ளைச் சட்டையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேளம் உச்சத்துக்கு ஏறியது. தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன்: சபை முழுவதும் மணவறையைப் பார்த்திருக்க, ஒருவர் மட்டும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். "யாரு அது, மரியாதை தெரியாத மனுஷன்?" என்று பெண் வீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். மூன்று முடிச்சையும் போட்டேன்.

மேளம் நின்றதும் அந்த முதுகிலிருந்து குரல் வந்தது. "கட்டியாச்சா?"

"கட்டியாச்சுண்ணே!" என்று மணவறையிலிருந்தே கத்தினேன்.

அப்புறம்தான் திரும்பினார். "நல்லா இறுக்கிக் கட்டுனியாடா?"

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மணவறைப் பக்கமிருந்து சபையும் விழ எடுத்த அந்த முகூர்த்தப் படம் என் ஆல்பத்தில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம், என் மனைவியிடம் சொல்லாதீர்கள், நான் முதலில் தேடுவது அந்த வெள்ளைச் சட்டை முதுகைத்தான்.