பல் டாக்டரின் சபதம்

"நாளைக்குத் தோத்தேன்னா இந்த ஜென்மத்துல பில்லியர்ட்ஸ் குச்சியையே தொட மாட்டேன்!"

மனைவி, மாமியார், மச்சான் அத்தனை பேர் முன்னாலும் காலையிலேயே இப்படிச் சபதம் போட்டிருந்தார் பல் டாக்டர். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளாக மச்சானிடம் உதை வாங்குகிற மனுஷன் வேறு எப்படிப் பேசுவார்? பற்றாக்குறைக்கு அந்தப் பயல் ஒவ்வொரு தோல்வியையும் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறான்.

அதனால்தான் இந்தத் தனி வகுப்பு. சனிக்கிழமை ஐந்து மணிக்கு கிளப்பின் உள்ளறைக்குள் நுழைந்தபோது, வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் குச்சியோடு மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஆக, சொல்லித்தரும் மாஸ்டர் இவர்தான்.

"வாங்க சார்! ஆரம்பிச்சிடலாமா?"

"தாராளமா."

"குச்சியை இப்படித்தானே பிடிக்கணும்?" என்று மாஸ்டர் விரல் நுனியால் பிடித்துக் காட்டினார்.

கேள்வி கேட்டே சொல்லித் தருகிற ரகம் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அப்படியே பிடித்து அடித்தார். குச்சி கையை விட்டு நழுவி நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது.

"முழங்கையை இன்னும் தூக்கணுமோ?"

தூக்கினார். வெள்ளைப் பந்து எகிறிக் குதித்து மாஸ்டரின் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

"ஐயோ! பரவாயில்ல சார், பரவாயில்ல. தாடையைக் குச்சி மேல வச்சா நேராப் போகும்னு கேள்விப்பட்டேன்."

கேள்விப்பட்டாராம்! இவரெல்லாம் ஒரு மாஸ்டர்! டாக்டர் தாடையை வைத்து அடித்தார். பந்து நகரவில்லை. ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கியவருக்குச் சொந்தப் பல் ஆட்டம் கண்டது.

போதுமடா சாமி என்று ஆகிவிட்டது அவருக்கு.

"நிறுத்துங்க! உங்க பேச்சைக் கேட்டா நாளைக்கு மானம் கப்பலேறிடும். தோத்தாலும் என் அடியிலயே தோத்துட்டுப் போறேன். எவனுக்கும் பயந்து நான் ஆடல, தெரிஞ்சுக்குங்க. இப்ப நான் அடிக்கிறேன், நீங்க பாருங்க!"

குச்சியை உலக்கை மாதிரி இறுக்கிப் பிடித்து, காலை அகட்டி நின்று, ஓங்கி ஓர் இடி இடித்தார். சிவப்புப் பந்து மூலைப் பைக்குள் போய் விழுந்தது. டாக்டருக்கே நம்ப முடியவில்லை.

"அடேங்கப்பா!" மாஸ்டர் கைதட்டினார். "இன்னொரு தடவை காட்டுங்க சார், நானும் அதே மாதிரி செஞ்சு பாக்கறேன்."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வாசல் மேசையில் பெயர் பதிகிற பெண் தலையை நீட்டினாள்.

"ரெண்டு பேரும் மன்னிச்சுக்கணும் சார். இவர் நாலு மணி வகுப்புக்கு வந்தவர், நீங்க அஞ்சு மணி. மாஸ்டர் இன்னிக்கு வரவே மாட்டாராம். யாரோ ஒருத்தருக்கு நாளைக்கு ஒரு பல் டாக்டரோட பந்தயமாம். தோத்துடுவோமோன்னு நடுங்கிப்போய் அவர் மாஸ்டரைக் காலையிலயே தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம், கத்துக்க!"