மெரூன் பை பற்றி ஒரு வாக்குமூலம்

என் அன்புக்கும், அவ்வப்போது என் ஆத்திரத்துக்கும் உரிய தங்கைக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதும் நலமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆகையால் உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். எடுத்து எறிவதற்குத் தோதான சாமான் எதையும் வைத்துக்கொள்ளாதே.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் மறுபடி ஒட்டவைத்துப் படிக்கிற ஆள் நீ. விஷயம் உன் மெரூன் பை. ஆமாம், அதே பைதான். பதினோரு வருஷத்துக்கு முன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் காணாமல் போனது. அக்காதான் எடுத்தாள் என்று நீ சொன்னதும், பஸ்ஸில் விட்டிருப்பாய் என்று நான் சொன்னதும், "பையைக் கொடு, அப்புறம் உன் வீட்டுப் படி ஏறறேன்" என்று சொல்லிவிட்டு இன்றுவரை நீ ஏறாமல் இருப்பதும் ஊரறிந்த கதை. அதே கல்யாணத்தில்தான் என் முத்துத் தோடும் தொலைந்தது. அதற்காக நான் யார் வீட்டுப் படியையாவது ஏறாமல் இருந்தேனா? என்னோடு சேர்ந்து நீயும் கட்டிலுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடினாய். அந்த நன்றிக்காகவாவது இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பை என்னிடம்தான் இருந்தது.

தண்ணீர் குடித்துக்கொள்.

நான் திருடவில்லை. எடுத்து வைத்தேன். அன்றைக்கு அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ மண்டபத்துக்குள் நுழைந்ததும், வந்தவர்கள் எல்லாரும் உன்னையே சுற்றிக்கொண்டு, "எங்கே வாங்கினே, எங்கே வாங்கினே" என்று கேட்டார்கள். என் பையை ஒரே ஒருத்தர்தான் கவனித்தார், அவரும் அதில் தடுக்கி விழுந்தவர். கிளம்புகிற அவசரத்தில் உன் பை என் பெட்டிக்குள் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதே, என் கைதான் வைத்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகத்தான் எண்ணம். அதற்குள் நீ போன் பண்ணித் திருடி என்று சொல்லிவிட்டாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படிச் சொன்ன பிறகு திருப்பிக் கொடுத்தால் நான் திருடியது போல ஆகிவிடாதா? அதனால் ஒளித்து வைத்தேன். ஒரு நாள்கூட வெளியே எடுத்துப்போனதில்லை. உள்ளே இருக்கிற சின்ன ஜிப் வேறு முதல் நாளிலிருந்தே சிக்கிக்கொண்டு திறக்கவே மறுத்தது. பளபளவென்று இருந்தாலும் பை ஓட்டைதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இப்போது ஏன் இந்த ஞானோதயம் என்றால், வீடு மாறுகிறோம் அல்லவா. மூன்று அறை வீட்டிலிருந்து ஒன்றரை அறை வீட்டுக்கு. ஒன்றரை என்பது தரகர் சொன்னது. அந்த அரை எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். சுவரோடு சேர்ந்த ஒரே ஒரு அலமாரி, உள்ளே நான் நின்றால் கதவைச் சாத்த முடியாது. உன் அத்தான் டேப் வைத்து நீளம் அகலம் ஆழம் எல்லாம் அளந்துவிட்டு, "ஒண்ணு நீ, இல்லேன்னா உன் பைங்க, ரெண்டுல ஒண்ணுதான் உள்ளே போகும்" என்றார். நீயும் போன மாதம் போனில், "ஒரு வருஷம் தொடாததை எல்லாம் வெளியே தள்ளுக்கா" என்று உபதேசம் பண்ணினாய். சொல்வது சுலபம். அந்தச் சட்டப்படி முதலில் வெளியே போக வேண்டியது உன் அத்தானின் உடற்பயிற்சி சைக்கிள்தான். கேட்டால், அதில் என் சேலை காய்கிறதாம், ஆகவே பயன்பாட்டில் இருக்கிறதாம்.

சரி என்று எல்லாவற்றையும் எடுத்து ஹாலில் கொட்டினேன். நாற்பத்தாறு பை. எனக்கே திக்கென்றது. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, கடைசியில் ஒரு சேஃப்டி பின். நான் முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவள், விசாரிக்காமல் தண்டனை கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் சாப்பாட்டு மேஜையைக் கூண்டாக வைத்து ஒவ்வொரு பையாக ஏற்றினேன். உன் அத்தான் தானாகவே எதிர்த்தரப்பு வக்கீலாகிவிட்டார்.

"இது எதுக்கு?"

"மழை வந்தா."

"இது?"

"மழை வராட்டி."

"இந்தப் பொடிசு? இதுல என்ன வைப்பே?"

அது தங்க நிறத்தில் ஒரு பர்ஸ். கைக்குட்டையைக்கூட எட்டாக மடித்தால்தான் நுழையும். அதை ஏன் வாங்கினேன் என்றால், கடையில் நின்ற பெண் "உங்களுக்கு எடுப்பா இருக்கு மேடம்" என்றாள். அந்த வருஷம் முழுவதும் வேறு யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. இதை உன் அத்தானிடம் சொன்னேன். அவர் அந்தப் பர்ஸை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த பையை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் ரவிக்கைகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கை நுழைந்தது, நான் நுழையவில்லை. மொத்தமாகத் தள்ளுபடி. கோர்ட்டுக்குக் கொண்டுபோன கறுப்புப் பைக்குள் தொலைந்துபோனதாக நினைத்த மூன்று மூக்குக்கண்ணாடிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நீலப் பயணப் பையைத் திறந்து, அதற்குள் சாம்பல் நிறப் பையைத் திறந்து, அதற்குள்ளிருந்து உன் மெரூன் பையை அவரே வெளியே எடுத்துவிட்டார்.

"இது யாரோடது?"

"தங்கச்சியோடது."

"பஸ்ஸில போயிடுச்சுன்னியே?"

"திரும்பி வந்துடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷமா அந்தப் பொண்ணு இங்கே வரலை. ஒரு பைக்காக" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், பையைத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வைத்து உனக்கு அனுப்பிவிடுவது என்று. புது வீட்டுக்காவது நீ வர வேண்டும் அல்லவா.

தீர்ப்பு மறந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றிலும் சீட்டு கட்டினேன். எங்கள் ஆபீஸ் வழக்கம் என் ரத்தத்தில் ஊறினது. வழக்கு முடியாமல் நிலுவையில் இருக்கிற கட்டுக்குச் சிவப்புச் சீட்டு, அதை ஒருத்தரும் வெளியே அனுப்பக் கூடாது. முடிந்துபோன கட்டுக்குப் பச்சை, அது போகலாம். அதன்படி என்னோடு இருக்க வேண்டிய ஒன்பது பைக்கும், நல்ல சேலைகளுக்கும், உன் மெரூன் பைக்கும் சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை. "சிவப்பு, பச்சை பார்த்துப் பிரிச்சிடுங்க" என்று உன் அத்தானிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பெயின்ட்காரர் வருகிறார் என்று புது வீட்டுக்குப் போய்விட்டேன்.

உன் அத்தான் லிஃப்ட் மெக்கானிக் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. கூட வாழ்ந்து என்ன பிரயோஜனம்! அவர் தொழிலில் சிவப்புச் சீட்டு கட்டின லிஃப்டில் ஒரு ஈகூட ஏறக் கூடாது. பச்சைச் சீட்டு என்றால் நல்ல நிலையில் ஓடுகிறது என்று அர்த்தம். மனுஷர் கண்ணும் கருத்துமாகச் சிவப்பை எல்லாம் மூட்டை கட்டி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய துணிக் கடையில் கொடுத்துவிட்டு, பச்சையை எல்லாம் வண்டியில் ஏற்றிப் புது வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் சாயங்காலம் ஆசை ஆசையாக அலமாரியைத் திறக்கிறேன், கை மட்டும் நுழைகிற ரவிக்கைகள் வரிசையாகத் தொங்குகின்றன. தங்கப் பர்ஸ் நடு அடுக்கில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. தண்டனை வாங்கினவர்கள் எல்லாம் வீட்டில், நிரபராதிகள் எல்லாம் தெருவில்!

"ஏங்க, சிவப்பு எங்கே?"

"சிவப்பைப் போய் யாராவது வீட்டுக்குள்ளே வைப்பாங்களா?"

அதற்குமேல் நான் பேசியதை எந்தக் கோர்ட்டிலும் பதிவு பண்ண மாட்டார்கள். "இரு, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், செஞ்சது போதும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மா. நான் மூச்சு வாங்க, "மெரூன் கலர், பித்தளை பக்கிள், உள் ஜிப் திறக்காது" என்று அடையாளம் சொன்னேன். "ஜிப் திறக்காத பையையா இப்படி ஓடி வந்து தேடறீங்க?" என்று அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலையில வந்ததுல பாதி போயிடுச்சும்மா, எது எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" மூட்டை மூட்டையாகக் குடைந்து பார்த்தேன். என் சேலைகளில் இரண்டு கிடைத்தன. என் கறுப்புப் பையை ஒரு சின்னப் பெண் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு முதல் நாள் வேலைக்குப் போகிறாளாம். "எடுப்பா இருக்கா ஆன்ட்டி?" என்று என்னையே கேட்டாள். பிடுங்கத்தான் போனேன். "ரொம்ப எடுப்பா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பை மட்டும் எங்கேயும் இல்லை.

நேற்றிலிருந்து நான் உன் அத்தானோடு பேசவில்லை. அவர் என் பக்கம் வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறேன்.

ஆக, இதுதான் நடந்தது. பையை எடுத்தது நான், ஒளித்தது நான், கடைசியில் தொலைத்ததும் நான். உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன். அதுதான் என்னை அரிக்கிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் போனில் பேசினோம், ஆனால் நீ என் வீட்டு நாற்காலியில் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்து என்னைத் திட்டுகிற மாதிரி வருமா? ஒரு ஓட்டை ஜிப் பைக்காக ஒவ்வொரு வருஷமும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாயே, அது உனக்கு அவ்வளவு பிடித்த பை என்று இப்போதுதான் உறைக்கிறது. என்னை மன்னித்துவிடு. கொடுக்கப் பை இல்லை. வெறும் கையோடுதான் கூப்பிடுகிறேன். வருவாயா?

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எல்லா நலமும் கூட வரட்டும். உங்கள் அலமாரிக் கதவு என்றைக்கும் தடையில்லாமல் சாத்திக்கொள்ளட்டும். கண்ணீருடன் உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அத்தான் வந்தார். ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் உன் மெரூன் பை. "பழுதான சாமானைக் கைமாத்தறது எங்க தொழில்ல குத்தம். ஜிப்பைச் சரி பண்ணிட்டுக் கொடுக்கலாம்னு எடுத்து வெச்சேன். சொல்ல விட்டாத்தானே?" என்றார். பென்சில் முனையை ஜிப்பில் மேலும் கீழும் தேய்த்து, வழவழவென்று ஆக்கி, என் கண் முன்னாலேயே இழுத்தார். பதினோரு வருஷமாகத் திறக்காத ஜிப் திறந்தது. உள்ளே பூத்தையல் போட்ட உன் கைக்குட்டை, அதில் இறுக்கி ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் என் முத்துத் தோடு. ஜோடியாக.

தானாகக் கழன்று விழுந்த தோடு தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. கட்டிலுக்கு அடியில் என்னோடு படுத்து டார்ச் அடித்தாயே! ஓட்டைப் பையை வருஷா வருஷம் எதற்குக் கேட்டாய் என்பதும் விளங்கிவிட்டது. ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பை முழுமையாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பதிவானதை அடிக்கக் கூடாது என்பது முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், அதனால்தான் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். விசாரணை அடுத்த மாதம் முதல் ஞாயிறு, புது வீட்டில். இரண்டு குற்றவாளிகளும் நேரில் வர வேண்டும், போன் செல்லாது. நான் தோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரவிக்கைகளைக் கடையில் கொடுத்தாகிவிட்டது, அலமாரியில் உனக்கென்று ஒரு அடுக்கு காலியாக இருக்கிறது. அதில் உன் பையும், துவைத்து மடித்த உன் கைக்குட்டையும் மட்டும் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போடி, திருடி.