உனக்காகத்தான் ஆட்டோமேட்டிக்

எங்கள் வீட்டில் கார் வாங்குவது என்று முடிவான அன்றே நான் இன்னொரு முடிவும் எடுத்துவிட்டேன். கார் யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், ஸ்டியரிங் என் கையில்தான் இருக்கும். டிவி ரிமோட்டில் ஆரம்பித்து, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது என்பது வரை எல்லா அதிகாரமும் என் மனைவி கெசியாவிடம் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரு வட்டமான பொருளாவது என் வசம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

வெறும் பெருமைக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். விடிகாலையில் காட்பாடியில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டினபின்தான் வீடு. வாரத்தில் ஒரு நாள், ஆராதனை முடிந்து வந்ததும், பக்கத்து வீட்டு சத்தாரிடமிருந்து பிரியாணி வரும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை எலியாஸ் என்று ஒரு ஆள் உலகத்தில் இல்லை. ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அவருக்கு ஒடுகத்தூரில் மாமியார் இல்லை.

எனக்கு இருக்கிறார். நல்ல மனுஷி. என்னைப் பார்த்ததும் ஒரு மூட்டை மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கொண்டுவந்து முன்னால் கொட்டுவார். மாப்பிள்ளைதான் கம்பெனியில் தரம் பார்க்கிறவராச்சே என்று சொல்லி, நல்லது தனி, சொத்தை தனி என்று பிரிக்க வைப்பார். பஸ்ஸில் கூட்டம் என்ற ஒரே காரணத்தை வைத்து அந்த மூட்டையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தேன். கார் வந்தால் அந்தக் காரணம் செத்துவிடும். ஆனால் வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் தூங்கினால் வண்டியும் தூங்கும். கெசியா சைக்கிளில்கூடப் பின்னால்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள். என் திட்டத்தில் ஓட்டையே கிடையாது.

ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அது என் கால்.

அவசரத்துக்கு சத்தாரின் பழைய கியர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுவேன். சமதரையில் நான் ராஜா. மேட்டில் மட்டும் கொஞ்சம் ஆகாது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் போகிற லாரி நின்றுவிட்டால், கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று மிதிக்க வேண்டியது மூன்று, எனக்கு ஆண்டவர் கொடுத்தது இரண்டு. போன வருஷம், கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலையில் அப்படித்தான் வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. பின்னால் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார். மாஸ்க் போட்ட ஒரு பெண் பழகிக்கொண்டிருந்தாள். பாம் பாம் பாம் என்று மூன்று தடவை ஹாரன் அடித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையை வெளியே நீட்டி, ஓட்டத் தெரியாதவங்கல்லாம் இன்னாத்துக்கும்மா ரோட்டுக்கு வர்றீங்க என்று கேட்டேன். உருண்டவன் நான்தான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் பதில் பேசாமல் என்னைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கதையைக் கொஞ்சம் திருப்பித் தைத்தேன். எல் போர்டு பொம்பளை ஒருத்தி பாலத்தில் என்மேல் மோத வந்தாள், என் சாமர்த்தியத்தால் இரண்டு பேரும் பிழைத்தோம் என்று சொன்னேன். கெசியா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதைக் கேட்டாலும் முகம் மாறாது. அப்படியா என்றாள். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஆகவே எனக்குத் தேவை கிளட்ச் இல்லாத கார். அதைக் கட்டின மனைவியிடம் எப்படிச் சொல்வது? மேட்டைக் கண்டால் எனக்குத் தொடை நடுங்குகிறது என்று எந்தப் புருஷன் சொல்வான்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கெசியா, நாம ஆட்டோமேட்டிக் வண்டியே வாங்கிடலாம்."

"இன்னாத்துக்கு? அது விலை ஜாஸ்தியாச்சே."

"எல்லாம் உனக்காகத்தான். என்னிக்காவது நீ ஓட்டணும்னு ஆசைப்பட்டா கஷ்டப்படக் கூடாது பாரு."

கத்தி நின்றது. "எனக்காகவா?"

"உனக்காகத்தான். எனக்குக் கியர் வண்டியே போதும்."

அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், சிரிப்பை அடக்கினாலும் அப்படி வரும்.

உற்சாகத்தில் பாடமே நடத்தினேன். நம்ம வசதிக்கு வருகிற சின்ன கார்களில் ஆட்டோமேட்டிக் மூன்று ஜாதி. ஏஎம்டி என்பது பழைய கியர் வண்டியேதான். கிளட்ச் உள்ளேயே இருக்கும், நம் காலுக்குப் பதில் ஒரு சின்ன மெஷின் அதை மிதிக்கும். விலை கம்மி, பெட்ரோலும் கம்மி. ஆனால் ஒவ்வொரு கியர் மாறும்போதும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துவிட்டுப் போகும். இரண்டாவது, டார்க் கன்வர்ட்டர். அதில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழலும். நிதானமான வண்டி, குடிக்கிறது மட்டும் அதிகம். மூன்றாவது சிவிடி. அதில் கியரே கிடையாது. எங்கள் தையல் மெஷின் மாதிரி இரண்டு சக்கரத்துக்கு நடுவே ஒரு பெல்ட். குலுங்காமல் போகும், அவசரப்பட்டு மிதித்தால்தான் வண்டி நகர்வதற்கு முன்னால் இன்ஜின் கத்தும். சத்தாரும் சிவிடிதான் என்றான். ஏஎம்டி பேஜாரு தோஸ்த், கியருக்குக் கியர் தலை ஆடும் என்று எச்சரித்தான். எனக்கும் சிவிடி மேலேயே கண்.

கெசியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம் என்றாள். ஓட்டிப் பார்க்கப் போவது நான் என்று நினைத்துச் சரி என்றேன்.

ஷோரூமில் எங்களுக்குக் கிடைத்த பையன் நவநீதன். மூன்று வகையும் இருக்கிறது என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். நான் முதல் காரியமாக சீட்டைக் கிள்ளிப் பார்த்து, இது தோல் இல்லை என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு ஆம்பூர்க்காரன் அதைச் சொல்லாமல் வர முடியாது. கெசியா கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, பாலம் ஏறும்போது நின்னுட்டா வண்டி பின்னாடி உருளுமா?"

நான் அவசரமாக சீட்டை இன்னொரு தடவை கிள்ளிப் பார்த்தேன். உருளாது மேடம், மேட்டில் இரண்டு செகண்டு தானே பிடித்துக்கொள்ளும் என்றான் நவநீதன். அவள் ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் ஏஎம்டி. நான் ஸ்டியரிங் பிடித்தேன். கிளட்ச் இல்லை, மிதிப்பது இரண்டே இரண்டு, எனக்குக் காலும் இரண்டு. கணக்கு சரியாகிவிட்டது என்று பூரித்துப்போனேன். அங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. சூப்பர்வைசர் ஆவதற்கு முன் பல வருஷம் நானே மெஷினில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்தவன். தையல் மெஷின் பெடலில் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துத்தான் மிதிக்க வேண்டும். கிளட்ச் என்று மூன்றாவது ஒன்று இருந்தவரை என் கால்கள் தனித்தனியாக இருந்தன. அது போனதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. வலது கால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் இடது காலும் துணைக்குப் போய் பிரேக்கை மிதித்தது. வண்டி ரோட்டில் தையல் போட்டது. ஒரு குதி, ஒரு நிறுத்தம், ஒரு குதி, ஒரு நிறுத்தம். நவநீதனின் நெற்றி டாஷ்போர்டைத் தொட்டுத் தொட்டு வந்தது. சார் ஒரு காலை மடக்கிக்குங்க என்று கெஞ்சினான். மடக்கினேன். அது வலது கால்.

வண்டி ஓரமாக நின்றதும், பரவாயில்லை என்று சொன்னாள் கெசியா, பின்சீட்டிலிருந்து. ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கியவர்களிடம் சொல்கிற அதே குரல். பிறகு கைப்பையைத் திறந்தாள். ஒரு அட்டையை எடுத்து நவநீதனிடம் நீட்டினாள். லைசென்ஸ். அதில் அவள் போட்டோ.

"இது எப்ப?" என்றேன்.

"போன வருஷங்க. ட்யூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கிளாஸ் போனேன். உங்களுக்குக் கம்பெனி பஸ்ஸு சீக்கிரம் போயிடும் இல்ல, தெரிஞ்சிருக்காது."

"என்கிட்ட சொல்லவே இல்லயே?"

"நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களேன்னு பயம். இப்ப நீங்களே எனக்காக ஆட்டோமேட்டிக் வாங்கணும்னு சொன்னீங்களா, மனசு நெறைஞ்சு போச்சு."

இல்லையடி, எனக்காகத்தான் என்று சொன்னால் மேம்பாலம் வெளியே வரும். இறங்கிப் பக்கத்து சீட்டுக்கு மாறினேன்.

அவள் மூன்றையும் ஓட்டினாள். இடது காலை ஒரு மூலையில் வைத்துவிட்டு, எண்ணெயில் மிதக்கிற மாதிரி ஓட்டினாள். சிவிடியில் நான் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். டார்க் கன்வர்ட்டரிலும் அப்படியே. ஏஎம்டியில் கியர் மாறும்போதெல்லாம் சத்தார் சொன்னபடி என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. கெசியா ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். இன்னொரு சுற்றுப் போனாள். மறுபடியும் பார்த்தாள்.

"இதையே எடுத்துக்கலாங்க."

சிவிடிதான் குலுங்காது என்று வாதாடிப் பார்த்தேன். எதற்கு வீண் செலவு, இது பெட்ரோலும் கம்மியாகக் குடிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். சொன்னது நான்தான்.

வண்டி வந்த அன்று போதகர் வந்து பானெட் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஜெபம் முடிந்ததும் சாவியை வீட்டுத் தலைவரிடம் கொடுப்பது எங்கள் சபையில் வழக்கம். கண்ணை மூடிக் கையையும் நீட்டித் தயாராக வைத்திருந்தேன். இந்த வாகனத்தை ஓட்டப்போகும் உம்முடைய மகள் கெசியாவின் கைகளை ஆசீர்வதியும் ஆண்டவரே என்றார் போதகர். அவருக்கு யார் சொல்லிவைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷம், எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான். ஆமென் சொன்ன பிறகு அப்பீல் கிடையாது.

அப்படியே ஒரு ரவுண்டு கிளம்பினோம். நேராக மேம்பாலம். நடு ஏற்றத்தில் முன்னால் ஒரு கார் நின்றது. அதை ஓட்டியவர் என் ஜாதி போலிருக்கிறது. வண்டி மெல்லப் பின்னால் உருண்டு வந்தது. கெசியா பதறவில்லை. பாம் பாம் பாம் என்று மூன்று தடவை ஹாரன் அடித்தாள்.

அதே மூன்று. அதே இடைவெளி. மெதுவாக அவள் பக்கம் திரும்பினேன்.

"ஆமாங்க," என்றாள் ரோட்டைப் பார்த்தபடியே. "அன்னிக்குப் பின்னாடி வந்தது நான்தான். மாஸ்க் போட்டிருந்தேன் இல்ல, உங்களுக்கு அடையாளம் தெரியல."

முன்னால் இருந்த கார் ஒருவழியாக நகர்ந்தது. எங்கள் வண்டி ஒரு அங்குலம்கூட உருளாமல் ஏறியது. நான் ஜன்னல் வழியாக மிகுந்த அக்கறையோடு தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஒடுகத்தூர் போலாமா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டாவது கியர் விழுந்தது. என் தலை ஆடியது.

"அப்படின்னா வாராவாரம்?"

மூன்றாவது கியர்.

"ஆகட்டும். அம்மா நெறைய மல்லாட்டை எடுத்து வெச்சிருக்காங்களாம். எல்லாத்தையும் நீங்களே பிரிச்சுக் குடுத்துடுவீங்க இல்ல?"

இந்த முறை ஏமாறக் கூடாது என்று என் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாலாவது கியரில் கையும் சேர்ந்து ஆடியது.