கத்தாத ஒரே பல்

முப்பத்தேழாவது பல்லையும் சொத்தை என்று கத்தியது கருவி.

“இது கம்பி மாட்ட இடம் வேணும்னு பிடுங்கின பல்லு. முத்து மாதிரி இருக்கு. இதுல எங்கே சொத்தையைப் பார்த்தீங்க?” என்று கேட்டார் இயக்குநர்.

“நான் பார்க்கல சார். கருவிதான் பார்த்துது.”

ஆய்வுக்கூடத்தில் அவளை டாக்டரம்மா என்பார்கள். பல் டாக்டர் இல்லை, ஒளியைப் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். பல்லின்மேல் நீல ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து சொத்தையைச் சொல்லும் பேனா அளவுக் கருவி அவளுடையது. பதினோரு மாதமாகச் சோதனைக்கென்று ஜாடியில் இருந்ததெல்லாம் பிடுங்கிய சொத்தைப் பற்கள். கருவியும் சொத்தை என்றது, எல்லோரும் கைதட்டினார்கள். இந்த மாதம் நல்ல பற்கள் வந்து சேர்ந்தன. ஆராய்ச்சி பல்லை இளித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. கருவி தேறாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட்டு, அறையைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் பல் அடைக்கும் பசையில் ஆராய்ச்சி செய்பவர். இப்போதே வந்து ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“ஜாடியில இருக்கறது செத்த பல்லு. உயிரோட இருக்கற பல்லுல வச்சுப் பாருங்க” என்று இயக்குநர் ‘ஆ’ காட்டினார்.

கருவி இருபத்தெட்டு முறை கத்தியது.

மனிதர் வெலவெலத்துப் போய் அன்றைக்கே பல் டாக்டரிடம் ஓடினார். ஒன்றுமில்லை என்று அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அடம்பிடித்து ஒரு கடைவாய்ப் பல்லைக் குடைய வைத்தார். உள்ளே சொத்தையின் வாசனைகூட இல்லை. குடைந்த குழியைப் பக்கத்து அறைக்காரரின் புதுப் பசையால் அடைத்தார்கள். மறுநாள் தண்ணீர் குடிக்கும்போது அது கழன்று தம்ளரில் விழுந்தது. இரண்டு பழியும் டாக்டரம்மா தலையில்தான் விழுந்தது.

அவள் கருவியின் உணர்திறனைக் குறைத்தாள். இப்போது ஊசி நுழையும் ஓட்டையைக் கண்டும் அது வாயே திறக்கவில்லை. கூட்டினாள். மேஜையைப் பார்த்துக்கூடக் கத்தியது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. நல்ல பல் எப்படி இருக்கும் என்று கருவிக்குக் காட்டிக்கொடுத்தது மாமியாரின் முன்பல். அறுபத்திரண்டு வருடமாகச் சொத்தையே காணாத பல் என்று உறவு முழுக்கப் பிரசித்தம். போன வருடம் அதைத்தான் சொத்தை பூஜ்யம் என்று கருவியில் பதிந்திருந்தாள். அந்த அளவு தப்போ என்று மறுபடி எடுக்கப் போனாள்.

“அத்தை, கொஞ்சம் ‘ஈ’ன்னு காட்டுங்க.”

“போன வருஷம்தானே காட்டினேன்? சரி, சீக்கிரம் பாரு.” மாமியார் உதட்டை இரண்டு பல் அளவுக்கு மட்டும் விலக்கினாள். அதற்குமேல் விலக்குவது மரியாதை இல்லையாம்.

கருவி மூச்சுவிடவில்லை. அதே எண். ஒரு வருடத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

“பார்த்தியா? பல்லு தேய்க்கறதுக்கும் ஒரு பக்குவம் வேணும்.”

பக்கத்தில் இருந்த கணவனின் வாயில் வைத்தாள். அலறியது.

“நான் அப்பவே சொன்னேன்! இனிமே இந்த வீட்டுல சர்க்கரையே கிடையாது!” என்று டப்பாவைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள் மாமியார். கணவன் மூன்று நாள் மனைவியோடு பேசவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆராய்ச்சியை முடித்துக்கொள்வதாகக் கடிதம் எழுதினாள். ஆறு வருட உழைப்பு நாலே வரியில் அடங்கிவிட்டது. அழுகை வந்தது, அழுதாள்.

சர்க்கரை இல்லாத காப்பியோடு மாமனார் எதிரே வந்து உட்கார்ந்தார். வீட்டில் அவர் பேசுவதே அபூர்வம்.

“என்னம்மா ஆச்சு?”

“எல்லாம் முடிஞ்சுது மாமா. உலகத்துல இருக்கற பல்லெல்லாம் சொத்தைங்குது என் கருவி. அத்தை பல்லு ஒண்ணுதான் நல்ல பல்லாம். அந்த அளவை வச்சு எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதையேதான் சொல்லுது. நான் எதுக்கும் லாயக்கில்ல.”

மாமனார் காப்பியை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் காதருகே குனிந்தார்.

“நான் சொன்னேன்னு அத்தைகிட்ட போட்டுக்குடுத்துடாதே. அவளுக்கு முன்னால இருக்கற ரெண்டும் கட்டின பல்லும்மா.”