முப்பத்தியொரு தலைவலிகள்

"எட்சன் சாறே, நூத்திப் பதினாறு ஆயாச்சு!" என்று டீன் போனில் கத்தினார்.

எட்சன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

நரம்பியல் டாக்டர் எட்சன் எழுதியது ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைதான். அதை நூற்றுப் பதினாறு பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். சைட்டேஷன் என்பார்கள். டீன் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். எட்சன் தினமும் தன் படத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார்.

2008இல் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. முட்டம் மீனவர்களின் தலைவலி, நாற்பது நோயாளிகள். மூன்று நாள் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தால் இடது பொட்டில் வலி வரும், மறுபடி கடலுக்குப் போனால் நின்றுவிடும் என்று எழுதினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒன்பது பேரை. அவர்களுக்கும் வெறும் தலைவலிதான். மீதி முப்பத்தியொரு பேரை, கருங்கல் ஊரிலுள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரே உண்டாக்கினார். இடது பொட்டு மனைவி அபினாவுடையது. எட்சனுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் அவளுக்கு அங்கேதான் வலிக்கும்.

ஐந்து வருஷம் அந்தக் கட்டுரையை யாரும் தொடவில்லை. எட்சன் நிம்மதியாகத் தூங்கினார். பிறகு ஒன்று, ஏழு, நாற்பது, இப்போது நூற்றுப் பதினாறு.

டீன் போனை வைத்த கையோடு பெங்களூர்ப் பேராசிரியை ஒருவரின் மெயில் வந்தது. நோயாளிகளின் ஃபைல்களைப் பார்க்க வேண்டுமாம்.

'எல்லாம் சுனாமியில் போய்விட்டன' என்று எட்சன் பதில் அனுப்பினார்.

'வருந்துகிறேன். ஆனால் சுனாமி வந்தது 2004இல். உங்கள் ஆய்வு 2007இல். போகட்டும், நோயாளிகளையே நேரில் பார்க்கிறேன்.'

'எல்லோரும் கடலில் இருக்கிறார்கள்.'

'ஜூலையில் வருகிறேன். அது மீன்பிடித் தடைக்காலம், எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?'

எட்சனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வேல போவும். டாக்டர் பட்டமும் போவும். பேப்பர்ல படம் போடுவான்," என்றார் அபினாவிடம்.

"ஃப்ளெக்ஸ்ல உள்ள படமா? அது வேண்டாம், அதுல கண்ணு மூடிக் கெடக்குல்லா," என்றாள் அவள்.

வார்டு அட்டெண்டர் பெனிட்டோ முட்டத்துக்காரர். எட்சன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"முப்பத்தியொரு ஆளுதானே சாறே? கோயில் மைக்கில சொன்னா முன்னூறு பேரு வருவாவ."

"வந்தா போதாது வோய்! இடது பொட்டுண்ணு சொல்லணும். மூணாம் நாளுண்ணு சொல்லணும். ஒருத்தன் வலதுண்ணு சொன்னா நான் செத்தேன்."

"ஞாயித்துக்கெழம பூசையில அறிவிப்பு. திங்கக்கெழம காலத்த எல்லாரையும் இருத்திப் படிச்சுக் குடுக்கேன். வேதபாடம் படிச்ச பயலுவ சாறே, மனப்பாடம் நல்லா வரும்."

பேராசிரியை வந்த அந்தத் திங்கட்கிழமை பெனிட்டோவின் போன் அணைந்து கிடந்தது. பேராசிரியையுடன் கோயில் ஹாலுக்குள் நுழைந்தபோது எட்சனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஐம்பத்திரண்டு பேர்.

முதலில் வந்தவர் ஞானதாசன்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டார் பேராசிரியை.

எட்சன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இஞ்ச."

திறந்து பார்த்தார். விரல் இடது பொட்டில் இருந்தது.

"கரையில மூணு நாளு கெடந்தா போதும் டாக்டரம்மா, தொடங்கிரும். வள்ளத்துல ஏறினா போயிரும்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பத்தாவது ஆளில் எட்சனுக்குப் புதுப் பயம் பிடித்தது. இப்படி ஒரே மாதிரி ஒப்பித்தால் யார்தான் நம்புவார்கள்? பேராசிரியையின் முதுகுக்குப் பின்னால் நின்று, கொஞ்சம் மாற்றிச் சொல்லும்படி தன் வலது பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

"அங்க இல்ல டாக்டரே, இஞ்சதான்!" என்று அந்த ஆள் சத்தம் போட்டார். "எனக்க தலவலி ஒமக்கா தெரியும்?"

பேராசிரியை திரும்பிப் பார்த்தார். எட்சன் தலையைச் சொறிந்தார்.

இருபதாவது ஆள், "காதுல ஒரு இரைச்சலும் உண்டு," என்றார். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேர், "ஆமா, ஆமா," என்றார்கள்.

பேராசிரியையின் பேனா நின்றது. "இது உங்க கட்டுரையில இல்லையே டாக்டர்?"

எட்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... அடுத்த கட்டுரைக்கு வச்சிருந்தேன்."

"இவ்வளவு சுத்தமான ஆய்வை நான் பார்த்ததே இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கார் திரும்பும்வரை காத்திருந்து, எட்சன் ஓடிப்போய் ஞானதாசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, எனக்க உயிரக் காப்பாத்தினிய! பெனிட்டோ படிச்சுக் குடுத்தத அப்பிடியே சொன்னியளே."

"பெனிட்டோவா? அவன் தலவலி உள்ளவனெல்லாம் வரணும்ணு மட்டும் மைக்கில சொன்ன கையோட பெஞ்சாதிய பிரசவத்துக்கு ஆசுத்திரிக்கு கூட்டிட்டுப் போனவன், இன்னும் திரும்பல்லியே."

எட்சன் கையை விட்டார். "அப்பம்... இந்த வலி?"

"எங்க அப்பன் காலத்துலேருந்தே உண்டு டாக்டரே," என்றார் ஞானதாசன். "அத இஞ்ச வந்து கேட்ட மொத ஆளு அந்த டாக்டரம்மாதான்."