திரும்பி வராதவை

மாஹிரா அனுப்பிய க்ளெய்ம் மறுபடியும் திரும்பி வந்தபோது, எதிர் மேஜையில் ரோஸி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

மேற்குத் தாம்பரத்தின் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில், அரசு காப்பீட்டு அட்டையோடு வரும் நோயாளிகளின் செலவைக் கேட்டு காப்பீட்டு ஆபீசுக்கு க்ளெய்ம் அனுப்புவது இருவருக்கும் வேலை. திட்டம் புதியது. பணம் இன்னும் ஒருவருக்கும் வரவில்லை. ஆகவே டாக்டர் தயாளன், திரும்பி வந்தவற்றை வைத்துத்தான் ஆளை எடைபோட்டார். ரோஸியுடையது ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

இந்த வேலைக்கு ஒருத்தர் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காப்பீட்டு ஆபீசிலிருந்து ரத்தினம் வருகிறார். அவரிடம் கேட்டு முடிவு செய்வாராம்.

ரோஸிமேல் மாஹிராவுக்குக் கோபமில்லை. கோபமென்றால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இது சோற்றில் கல்போல, ரோஸி சிரிக்கும்போதெல்லாம் கடிபட்டது. அவள் டிபன் டப்பா திறக்கும் நிதானத்தில்கூட ஏதோ சூட்சுமம் இருப்பதாகப் பட்டது.

வீட்டுக்குப் போகும் நோயாளியைப் போட்டோ எடுத்து க்ளெய்மோடு வைக்கவேண்டும். ரோஸி ஒரு நோயாளிக்குத் தலைவாரிவிட்டதைப் பார்த்த மாஹிரா, குடலிறக்க ஆபரேஷன் முடிந்த ஆட்டோக்காரர் அப்பாதுரைக்குப் பவுடரே பூசிச் சிரிக்கவைத்து எடுத்தாள்.

திரும்பி வந்தது. 'இவ்வளவு தெம்பானவருக்கு ஆபரேஷன் உண்மையிலேயே நடந்ததா?'

அப்பாதுரையை வீட்டிலிருந்து வரவழைத்து, கொஞ்சம் சோர்வாக இருக்கச் சொன்னாள்.

"இன்னா மேடம், அன்னிக்கு சிரின்னீங்கோ, இன்னிக்கு சாவ சொல்றீங்கோ" என்றார். ஆனாலும் குறைவைக்காமல் கண்கள் செருகச் சாய்ந்துகொண்டார்.

அதுவும் திரும்பியது. 'இந்த நிலையில் இவரை ஏன் வீட்டுக்கு அனுப்பினீர்கள்?'

கடைசியில் வெட்கத்தை விட்டு ரோஸியிடமே கேட்டாள்.

"சூட்சுமமெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நான் எதையும் அலட்டிக்கறதில்ல. நீதான் ரொம்ப டென்ஷன் ஆவுறே."

வெள்ளிக்கிழமை ரோஸி பட்டுப்புடவையில் வந்தாள். மாஹிரா தன் மேஜை டிராயரை முன்கூட்டியே காலி செய்துவைத்திருந்தாள்.

டாக்டர் பெருமையோடு ரோஸியை முன்னே அழைத்தார். "இவங்கதான் ரோஸி. இவங்க க்ளெய்ம்ல உங்க ஆபீஸ் இதுவரைக்கும் ஒரு குத்தம் சொன்னதில்ல."

ரத்தினம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ரோஸியை ஒருமுறை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க சார். இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்களுக்கு க்ளெய்ம் அனுப்புறது மாஹிரா மேடம் ஒருத்தர் மட்டும்தானே?"