அமைதிப் பதிவேடு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் ஊழியரின் மன அழுத்தத்துக்கு மருந்து கண்டுபிடித்த பெருமை, லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தின் மேலாளரையே சாரும். மருந்தின் பெயர் பேக்பைப்.

புகார்ப் பிரிவில் தொலைபேசி மூன்று, காது இரண்டு. காதுகளுக்குச் சொந்தக்காரியை எல்லாரும் 'ஹலோ மேடம்' என்பார்கள். வீட்டில் கணவர் "பசிக்குது" என்றாலும், "எந்த மாடில மாட்டியிருக்கீங்க?" என்று கேட்பாள் பாவம். ஒருநாள் தாங்க முடியாமல் மேலாளர் முன் போய் நின்றாள்.

"ஒண்டியா முடியல சார். தூக்கத்துலயும் மணி அடிக்குது. இன்னொரு ஆள் போடுங்க."

"உங்களுக்குத் தேவை ஆள் இல்லம்மா. ரிலாக்சேஷன்!"

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. தினமும் மூன்றிலிருந்து நான்கு மணிவரை பாரம்பரிய பேக்பைப் இசை ஒலிபரப்பாகும். அந்நேரத்தில் ஊழியர்கள் கண்களை மூடித் 'தளர்வடைய' வேண்டும். வேறு எந்த வேலையும் செய்தல் கூடாது. முடிவில் பதிவேட்டில் 'அமைதி அடைந்தேன்' எனக் கையொப்பமிட வேண்டும். அடையாதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும்.

அருமையான வாத்தியம். தோல்பை ஒன்றை அக்குளில் இடுக்கி நசுக்கினால், அது குழல்கள் வழியே கதறும். முதல் நாளே கணக்கர் மேசைக்கு அடியில் போய் அமைதி அடைந்தார். ஹலோ மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு அடைந்தாள்.

பலன்? மூன்றிலிருந்து நான்குவரை ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை!

"பாத்தீங்களா? பொதுமக்களும் ரிலாக்ஸ் ஆயிட்டாங்க!" என்றார் மேலாளர். மேலிடம் அவருக்குக் கேடயம் கொடுத்தது.

கேடயத்தோடு அவர் திரும்பிய அன்று, மூன்று மணி தாண்டி இரண்டு நிமிடம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. சொந்த அலுவலகத்து லிஃப்ட். நாலரைக்கு மெக்கானிக் அவரைக் காலைப் பிடித்து இறக்கினார்.

"நாப்பது தடவை போன் பண்ணேனே! காதுல என்ன பஞ்சா?"

"கண்ண மூடியிருந்தேன் சார். வேற எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்ற ஹலோ மேடம் பதிவேட்டை நீட்டினாள். "இதுலயும் ஒண்ணு போட்டுடுங்க சார். அமைதி அடையலைன்னா காரணம் எழுதணும்."

மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. "தப்பு என்மேலதாம்மா. நாளைக்கே ஆள் போடறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று வீட்டில் கணவரைப் பார்த்துப் பல மாதங்களுக்குப் பிறகு, "பசிக்குதாங்க?" என்று கேட்டாள்.

மேலாளர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலையே நியமன உத்தரவோடு ஆள் வந்து நின்றார். 'பிரிவு: புகார். நேரம்: ஒன்பது முதல் ஐந்துவரை, இடைவெளியின்றி.' ஹலோ மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தொலைபேசி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உக்காருங்க தம்பி."

"உக்காந்துகிட்டு ஊத வராதுக்கா," என்று வந்தவர் தோல்பையை அக்குளில் இடுக்கினார்.